கெட்டிச்சிருக்கா... இல்லையா?

எங்கள் வீட்டு நெல் குதிருக்குப் பின்னால் ஒரு துப்பாக்கி இருந்தது.

உடனே என்னை ஏதாவது சினிமா வில்லன் குடும்பத்தில் சேர்த்துவிடாதீர்கள். ஒரத்தநாடு பக்கம், கல்லணைக் கால்வாய்த் தண்ணீரை நம்பி நெல்லும், மேட்டில் கொஞ்சம் கடலையும் போடுகிற சாதாரணக் குடும்பம்தான். நரி, பன்றி தொல்லைக்காகப் பயிர்ப் பாதுகாப்பு என்று எழுதி, தாத்தா பெயரில் லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி அது. அதனால் செத்த நரி ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. சத்தத்துக்குப் பயந்து கிளிக்கூட்டம் எழுந்து அடுத்த வயலில் உட்காரும், அவ்வளவுதான். அடுத்த வயல்காரரிடம் துப்பாக்கி இல்லை.

2022-ல் தாத்தா காலமானார். நிலம், மாடு, மோட்டார் ஷெட் எல்லாம் பங்கு பிரித்தாகிவிட்டது. துப்பாக்கியை மட்டும் யாரும் கேட்கவில்லை. "நீ பி.காம். படிச்சவன். பேப்பர் வேலையெல்லாம் உனக்குத்தான் சரியா வரும்" என்று சித்தப்பா என் தலையில் கட்டிவிட்டார். பி.காமில் டபுள் என்ட்ரி சொல்லித் தந்தார்கள். சிங்கிள் பேரல் பற்றி ஒரு பேப்பர்கூட இல்லை.

விசாரித்ததில் தெரிந்தது இது. லைசென்ஸ்காரர் இறந்துபோனால், வாரிசு என்பதற்காக ஆயுதத்தை வீட்டில் வைத்திருக்க முடியாது. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். வேண்டுமென்றால் அப்புறம் நம் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு மனுப் போடலாம். எனக்கு வேண்டாம். ஒப்படைத்துவிடலாம் என்று ஸ்டேஷனுக்குப் போனேன்.

ஏட்டையா நல்ல மனிதர். ரிஜிஸ்டரைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"லோடு இருக்கா தம்பி?"

"இல்லீங்க."

"எப்படித் தெரியும்?"

நான் முழித்தேன். அவர் பேனாவை மூடினார்.

*

எப்படித் தெரியும்? நியாயமான கேள்வி. சினிமா ரிவால்வரில் சிலிண்டரைத் தட்டினால் தோட்டா தெரிகிறது. நாட்டுத் துப்பாக்கியில் திறந்து பார்க்க எதுவுமே கிடையாது. வாய் வழியாகச் சாப்பிட்டு வாய் வழியாகவே துப்புகிற ஜாதி. வயிற்றில் என்ன இருக்கிறது என்று அதுவாகச் சொல்லாது.

சின்ன வயதில் தாத்தா அதைக் கெட்டிக்கிறதைத் திண்ணையிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு பூஜை மாதிரி நடக்கும். வாயில் இருக்கும் பீடியை முதலில் அணைத்து, காலால் மிதித்து, திரும்பிப் பார்த்து இன்னொரு தடவை மிதிப்பார். பக்கத்தில் மருந்து இருக்கிறதே!

முதலில் வெறும் கேப் ஒன்றை மாட்டி விசையை இழுப்பார். 'டப்' என்று பொட்டு வெடிச் சத்தம். உள்ளே எண்ணெயோ ஈரமோ இருந்தால் அந்த நெருப்பில் போய்விடும். வழி திறந்திருக்கிறது என்பதும் தெரியும். பிறகு கட்டையைத் தரையில் ஊன்றி, குழலின் வாயைத் தன் முகத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துக்கொள்வார். மாட்டுக் கொம்பிலிருந்து மருந்தை நேராகக் குழலில் கொட்ட மாட்டார். ஒரு சின்ன மூங்கில் குழாயில் அளந்து, அதிலிருந்துதான் கொட்டுவார். அளவுக்காக மட்டுமில்லை. முந்தின வெடியின் கங்கு ஒன்று உள்ளே மிச்சமிருந்தால், பற்றிக்கொள்வது மூங்கிலில் இருக்கிற கொஞ்சம் மருந்தோடு போகும். கொம்பாக இருந்தால் கொம்பும் போகும், கையும் போகும்.

அடுத்தது தேங்காய் நார். உருண்டையாகச் சுருட்டி, நீளக் கம்பியால் உள்ளே தள்ளி, 'டங் டங்' என்று கம்பி துள்ளுகிற வரைக்கும் இடிப்பார். மருந்துக்கும் அடைப்புக்கும் நடுவே இடைவெளி இருக்கக் கூடாது. இருந்தால் வெடிக்கிற வேகம் அந்த இடத்தில் குழலையே புடைக்கவைக்கும், சமயத்தில் பிளந்துவிடும். அதன்மேல் ஈய ரவை. ரவை உருண்டு வெளியே வராமலிருக்க மேலே ஒரு காகித அடைப்பு. எல்லாம் முடிந்த பிறகுதான், கடைசியிலும் கடைசியாக, குதிரைக்குக் கீழே இருக்கிற மூக்கில் கேப். (சுத்தியல் மாதிரி வந்து அடிக்கிற பாகத்துக்குக் குதிரை என்று பேர். ஏன் கழுதை இல்லை என்று என்னைக் கேட்காதீர்கள்.)

இவ்வளவுக்கும் தாத்தாவுக்கு இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். கிளிகள் அதுவரைக்கும் காத்திருக்குமா? காத்திருந்தன. அவைகளுக்கும் தாத்தாவைத் தெரியும்.

பிறகு விசை. இடி மாதிரி ஒரு சத்தம், தாத்தாவையே மறைக்கிற வெள்ளைப் புகை, அழுகின முட்டை வாசனை. முட்டை வாசனைக்குக் கந்தகம் காரணம். வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்ததுதான் கருமருந்து. இதில் வெடியுப்புதான் பெரிய பங்கு, முக்கால் பாகம். எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவை அதுவே கொடுத்துவிடுகிறது. அதனால்தான் காற்றே புகாத குழலுக்குள்ளும் எரிகிறது. ஆனால் முழுசாக எரிந்து ஆவியாவதில்லை. எடையில் பாதிக்குமேல் புகைத்தூளாகவும் கசடாகவும்தான் மிஞ்சும். அந்தக் கசடு காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்து, ஓரிரு நாளில் இரும்பைத் துருவாக்கிவிடும். எனவே சுட்ட அன்றைக்கே வெந்நீர் ஊற்றிக் கழுவியாக வேண்டும்.

"எனக்கு மேலுக்கு முடியலேன்னா ஒரு சொம்பு வெந்நி வைக்க நாதியில்ல. இந்த இரும்புக்கு மட்டும் ஒரு அண்டா!" என்று அப்பாயி புலம்புவது இன்னும் காதில் இருக்கிறது.

*

ஒப்படைப்பு மனுவோடு தஞ்சாவூரில் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "சார் மூணு மணிக்கு மேலதான் வருவார்" என்றார்கள். மூன்று மணி நேரம் கையில் இருந்தது. கீழவாசல் பக்கம் நடந்து பீரங்கிமேட்டில் ஏறினேன். இத்தனை வருஷம் பெரிய கோயிலுக்குப் போயிருக்கிறேன், தலையாட்டி பொம்மை வாங்கியிருக்கிறேன், இந்த மேட்டில் ஏறியதில்லை.

அங்கே படுத்திருக்கிறது ராஜகோபால பீரங்கி. ரகுநாத நாயக்கர் காலத்தது, 1620-ஐ ஒட்டிச் செய்தது என்கிறார்கள். நீளம் ஏழரை மீட்டர், எடை சுமார் 22 டன், வாயின் உள்விட்டம் 60 சென்டிமீட்டருக்கு மேல். நம் ஆபீஸ் மேனேஜர் படுத்துத் தூங்கத் தோதான அளவு. இதை அச்சில் வார்க்கவில்லை. இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் வட்டமாக அடுக்கி, அவற்றின்மேல் பழுக்கக் காய்ச்சிய வளையங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றி, அடித்து ஒட்டவைத்திருக்கிறார்கள். கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியமும் அவர் குழுவினரும் இதை ஆராய்ந்து 2004-ல் கட்டுரையே எழுதினார்கள். நானூறு வருஷமாக வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது. என் மோட்டார் சைக்கிள் சைலன்சர் மூன்று வருஷம் தாங்கவில்லை.

சங்கதி என்னவென்றால், இந்த ராட்சசனும் தாத்தாவின் துப்பாக்கியும் ஒரே குடும்பம். மருந்தும் அடைப்பும் குண்டும் வாய் வழியாக, நெருப்பு பின்னாலிருக்கிற ஒரு சின்னத் துளை வழியாக. தாத்தாவுக்கு ஒரு மூங்கில் குழாய் போதும். இதற்கு மூட்டைக் கணக்கு.

மருந்து மூட்டைக் கணக்குதான் ஒரு சமயம் தஞ்சாவூரையே காப்பாற்றியது. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி, சந்தா சாகிப் காலத்தில் எழுதி வாங்கிய 56 லட்சம் ரூபாய்ப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, மராட்டிய மன்னர் பிரதாபசிம்மனிடம் வசூலுக்கு வந்தார். வருகிற வழியில் கீழ்வேளூர் கோயிலில் புதையல் தேடினார். கிடைக்கவில்லை. கோயில் பிராமணர்கள் ஆறு பேரை ஒற்றர்கள் என்று சொல்லி பீரங்கி வாயில் கட்டி வெடித்தார். இரக்கம் என்பது மருந்துக்கும் இல்லாத ஆள்.

ஆகஸ்ட் ஆரம்பத்தில் தஞ்சைக் கோட்டையைச் சுட ஆரம்பித்தார். மதிலில் உடைப்பும் விழுந்துவிட்டது. அந்த நேரத்தில் ஸ்டாக் எடுத்துப் பார்த்தால், பீரங்கிகளுக்கு சுமார் 150 தடவைக்குத்தான் மருந்து! சிப்பாய்களுக்கு ஆளுக்கு 20 தோட்டா! கடலில் ஆங்கிலேயக் கப்பல்கள் காரைக்கால் பக்கம் நெருங்குவதாகவும் செய்தி வந்தது. ஆகஸ்ட் 10-ம் தேதியோடு முற்றுகை முடிந்தது. பசியும் பட்டினியுமாகப் பட்டாளம் காரைக்காலுக்குத் திரும்பியது. 1761-ல் பாண்டிச்சேரியையும் இழந்து, 1766-ல் பாரிஸில் தலையையும் இழந்தார் லாலி. ஸ்டாக் ரிஜிஸ்டர் எழுதுகிற நம்மை யாரும் மதிப்பதில்லை. இந்தக் கதையை மேனேஜரிடம் சொல்லிப் பாருங்கள்.

மருந்து இருந்தும் நேரம் இல்லாமல் செத்தவர்களும் இதே மண்ணில் உண்டு. 1749-ல் கொள்ளிடக் கரைக் கோட்டையான தேவிக்கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி தாக்கியது. முன்னால் ஓடியது ஓர் இளம் லெப்டினன்ட், கூட 34 வெள்ளைக்காரச் சோல்ஜர்கள். பின்னாலேயே வரவேண்டிய 700 சிப்பாய்கள் வரவில்லை. தஞ்சாவூர்க் குதிரைப்படை பின்பக்கமாகப் பாய்ந்தது. அந்தக் காலத்துத் துப்பாக்கியில் நன்றாகப் பழகினவன் நிமிஷத்துக்கு மூன்று தடவை சுடுவான். அதாவது ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவே 20 விநாடி. குதிரைக்கு அதில் கால்வாசி போதும். திரும்பிக் குறிபார்ப்பதற்குள்ளேயே 26 பேர் வெட்டுப்பட்டார்கள். தப்பித்த சிலரில் அந்த லெப்டினன்ட்டும் ஒருவன். பெயர் ராபர்ட் கிளைவ். தஞ்சாவூர்க் குதிரை ஒன்று இன்னும் இரண்டு கஜம் சேர்த்து ஓடியிருந்தால், ஸ்கூலில் நாம் படித்த சரித்திரப் புஸ்தகம் கொஞ்சம் மெலிந்திருக்கும்.

அவசரத்தில் கெட்டிக்கிறவன் கையும் புத்தியும் எப்படி வேலை செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கணக்கு இருக்கிறது. 1863-ல் கெட்டிஸ்பர்க் என்ற ஊரில் உள்நாட்டுப் போர். (ஊர்ப் பேரே கெட்டி!) சண்டை முடிந்து பொறுக்கியெடுத்த துப்பாக்கிகள் 27,574. அவற்றில் சுமார் 24,000 கெட்டித்தபடியே கிடந்தன. அதிலும் பாதியில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கெட்டிப்பு. ஒரு துப்பாக்கியில் 23! கேப் வெடித்ததா, மருந்து பற்றியதா என்று அந்தச் சத்தத்தில் தெரியாமல், மேலே மேலே அடைத்துக்கொண்டே இருந்திருக்கிறான் ஒரு பாவப்பட்ட பையன். இரண்டு கெட்டிப்புள்ள துப்பாக்கியைச் சுட்டால் எதிரிக்கு முன்னால் சுடுகிறவனுக்குத்தான் ஆபத்து.

இன்னொன்றையும் படித்தேன். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் அலங்காரத்துக்கு வைத்திருந்த ஒரு பழைய ஆங்கிலேயப் பீரங்கியை 2013-ல் துருவெடுத்துச் சுத்தம் செய்தார்கள். உள்ளே குண்டு, அடைப்பு, முக்கால் கிலோவுக்கு மேல் மருந்து, எல்லாம் பத்திரமாக இருந்தன. 1780-ல் முங்கின கப்பலின் பீரங்கி அது. இருநூறு வருஷத்துக்கு மேல் யாருக்கும் தெரியாமல் சாப்பிட்டது செரிக்காமல் இருந்திருக்கிறது.

இதைப் படித்த பிறகு எனக்குக் குதிர்ப் பக்கம் போகவே பயமாகிவிட்டது. தீபாவளிக்குத் தீபாவளி தங்கச்சி பசங்க அந்தத் துப்பாக்கியைத்தான் தூக்கிக்கொண்டு 'டிஷ்யூம்' விளையாடுவார்கள். நானும் விளையாடியிருக்கிறேன். குழலுக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கூட இருக்கிறேன்.

*

"குருவிக்காரரைக் கூப்பிடு" என்றார் அப்பா.

நரிக்குறவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு காலத்தில் அறுப்பு முடிந்ததும் திடலில் வந்து தங்குவார்கள். வயலை நாசம் செய்கிற எலி, நரி, கிளி எதுவானாலும் அவர்கள் துப்பாக்கிக்குத் தப்பாது. 'ஒளிவிளக்கு' படத்தில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் போட்ட அந்த வேஷத்தைத்தான் நாடு முழுக்கப் பார்த்தது. வேஷம் கலைத்த பிறகு இவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டை போயிற்று. சட்டம் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் கொக்கைக் காப்பாற்றியவர்கள் இவர்கள் வயிற்றுக்கு வேறு வழி சொன்னார்களா? துப்பாக்கி போய் ஊசிமணி, பாசிமணி வந்தது. பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் பல வருஷம் கேட்டு, அதற்கான சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறவே 2022 டிசம்பர் ஆகிவிட்டது.

பஸ் ஸ்டாண்டில் மணி கோத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கிடைத்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். விஷயத்தைச் சொன்னேன். கோத்துக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை.

"வரேன் சாமி. ஆனா போலீஸு பக்கத்துல நிக்கணும். இல்லேன்னா தொடமாட்டேன். உங்க கையில இருந்தா அது தாத்தா துப்பாக்கி. என் கையில இருந்தா கேஸு."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஏட்டையாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்த ஆளு சொல்றது சரிதான்" என்று பைக்கை எடுத்தார்.

எங்கள் வாசலில் கூட்டம். பெரியவர் முதலில் குதிரையைத் தூக்கி மூக்கைப் பார்த்தார். கேப் இல்லை. "கேப் இல்லேன்னா காலிதானே?" என்றார் ஏட்டையா. பெரியவர் சிரித்தார். "வாசக்கதவு பூட்டியிருந்தா வீட்ல ஆள் இல்லேன்னு அர்த்தமா சாமி?"

குழலைத் தன் முகத்துக்கும் எங்கள் முகத்துக்கும் படாமல் சாய்த்து, கம்பியை மெல்ல உள்ளே விட்டார். இடிக்கவில்லை, சும்மா இறங்கவிட்டார். நின்ற இடத்தில், குழல் வாய்க்கு நேராகக் கம்பியில் கட்டைவிரல் நகத்தை வைத்துப் பிடித்தார். வெளியே எடுத்து, அதே அளவுக்குக் குழலின் மேல்பக்கமாகப் படுக்கவைத்தார். காலித் துப்பாக்கியாக இருந்தால் கம்பியின் நுனி மூக்கு வரைக்கும் வரவேண்டும்.

நாலு விரல் முன்னாலேயே நின்றுவிட்டது.

"இருக்கு சாமி."

ஏட்டையா வேப்பமரத்துக்குப் பின்னால் போனதை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்பா திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். தங்கச்சி தன் பையனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் "இருந்தா சுடுவோமா மாமா?" என்று கேட்டான். முதுகில் ஓர் அடி விழுந்தது.

பெரியவர் சாவகாசமாகக் குழலில் தண்ணீர் ஊற்றி நிரப்பி, வாயை மேல்பார்க்க வைத்துக் கட்டிப்போட்டார். நனைந்த மருந்து பற்றாது. ராத்திரி முழுக்க அப்படியே நிற்கட்டும், யாரும் கிட்டே போகக் கூடாது என்றார். (இதைப் படித்துவிட்டு நீங்களே பரணில் ஏறிக் கம்பியை விட்டுப் பார்க்காதீர்கள். போலீஸுக்குச் சொல்லுங்கள்.) மறுநாள் காலையில் கம்பியின் மறுமுனையில் ஒரு திருகாணியை மாட்டி, உள்ளே விட்டுத் திருகித் திருகி இழுத்தார்.

முதலில் காகித அடைப்பு. பிறகு பொலபொலவென்று ஈய ரவை. பிறகு தேங்காய் நார். கடைசியில் கருப்புச் சேறு.

காகிதத்தை வெயிலில் விரித்துப் பார்த்தோம். தினசரி காலண்டர் தாள். தேதி கிழிந்துபோயிருந்தது. ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு, ஆகவே வெள்ளிக்கிழமை. வருஷம் மட்டும் மூலையில் தெளிவாக இருந்தது. 1997.

அப்போது எனக்கு ஏழு வயது. அன்றைக்குக் கெட்டித்த தாத்தா ஏன் சுடவில்லை? "கிளி பறந்து போயிருக்கும், மறந்திருப்பாரு" என்றாள் அப்பாயி. கேப்பை மட்டும் ஞாபகமாகக் கழற்றிப் புகையிலை டப்பாவில் போட்டிருக்கிறார்.

மெதுவாக வேறொரு கணக்கு என் மண்டையில் ஓடியது. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் அல்லவா? தாத்தா ஒழுங்காகக் கொண்டுபோய்க் கொடுத்து, ஒழுங்காக வாங்கி வருவார். 1998-லிருந்து 2021 வரைக்கும் லோக்சபா ஆறு, சட்டசபை ஐந்து. பதினோரு தேர்தல், உள்ளாட்சி தனி. ஒவ்வொரு தடவையும் இந்தத் துப்பாக்கி வயிறு நிறைய மருந்தோடு ஸ்டேஷன் மூலையில் சாய்ந்து நின்றிருக்கிறது.

ஏட்டையாவும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார் என்று முகத்தில் தெரிந்தது. "2019-ல நான்தான் வாங்கி வச்சேன் தம்பி" என்றார். "பக்கத்துலதான் கொசுவத்தி கொளுத்துவேன்."

பெரியவருக்கு அப்பா ஐந்நூறு ரூபாய் கொடுத்தார். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, குழலைத் துணியால் ஒரு தடவை துடைத்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு ஏட்டையாவைப் பார்த்தார். திண்ணையில் சாத்திவைத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

ரிஜிஸ்டரில் 'காலி' என்று எழுதி ஏட்டையா இரண்டு கோடு போட்டார். ஒரு கோடு போதாது என்று நினைத்தாரோ என்னவோ. துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி பைக்கில் வைக்கப் போகும்போது உள்ளேயிருந்து அப்பாயி குரல் கேட்டது.

"டேய், அப்படியே குடுத்துடாதீங்கடா. துருப்புடிச்சுடும். அடுப்புல வெந்நி கொதிக்குது, ஒரு தடவ கழுவிட்டுக் குடுங்க."